அவைக்குறிப்பில் இருக்கிறது, புத்தகத்தில் இல்லை

மணி அடித்த பிறகும் உட்காராமல் பேசிய என் அப்பாவுக்கு,

ஒருவர் இறந்துபோன பிறகு அவர் செய்த தவறு யாருக்குச் சொந்தம்? செய்தவருக்கா, அவர் பெயரைச் சொல்லிக்கொண்டு திரிகிற பிள்ளைகளுக்கா, அதனால் கெட்டுப்போனவர்களுக்கா? இத்தனை வருடமாகக் கல்லூரியில் பொருளாதாரம் நடத்துகிறேன். வகுப்பில் யார் எதைக் கேட்டாலும் இப்படியும் சொல்லலாம், அப்படியும் சொல்லலாம் என்று சமாளிக்கத் தெரியும். இந்தக் கேள்விக்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. நேற்றுச் சாயங்காலம் சுல்தான் மாமா வந்துவிட்டுப் போனதிலிருந்து இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாளைக்கு உங்கள் புத்தகம் வெளியீடு. பழனி ரோட்டில் மண்டபம் பிடித்திருக்கிறான் தம்பி இளங்கோ. நாடாளுமன்றத்தில் நீங்கள் பேசியவற்றைத் தொகுத்து நான்தான் புத்தகமாக்கியிருக்கிறேன். பட்ஜெட் விவாதங்கள், பொதுத்துறைப் பங்குகளை விற்றது, கிராமத்து வங்கிக் கிளைகளை மூடியது, தோலுக்குப் போட்ட வரி, நம் ஊர்ப் பூட்டுக்குப் போட்டியாக வந்து இறங்கிய மலிவுப் பூட்டு, எல்லாம் இருக்கிறது. அட்டையில் உங்கள் படம். "போட்டோக்காரரு சொல்லாம எடுத்துட்டாரு போல, முழிச்சுக்கிட்டு இருக்காரு" என்று அம்மா குறை சொன்னாள். முழங்கால் வலியோடு நாளைக்கு வந்தே தீருவேன் என்கிறாள்.

இந்த வேலையைக் கையில் எடுத்தபோது எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் கிடையாது. உங்களிடமே கேட்டிருக்கிறேன்: பாதிப் பேர் எழுந்து போய்விட்ட அவையில் நீங்கள் பேசுவதால் எந்த வரி குறையப்போகிறது? நீங்கள் சிரித்தீர்கள். "கொறையாது தாயி. ஆனா பின்னாடி ஒருத்தன் வந்து, அன்னைக்கு யாருமே சொல்லலையேன்னு சொல்ல முடியாதுல்ல. குறிப்புல ஏறிரும்." அவைக்குறிப்பின் மேல் உங்களுக்கு அப்படியொரு பக்தி. எனக்கு அந்த பக்தி ஒருநாளும் வந்ததில்லை. இப்போது அங்கே பேசுகிறவர்கள் எல்லோரும் கைப்பேசியில் அரை நிமிடம் ஓடுவதற்காகத்தான் பேசுகிறார்கள். குறிப்பை யார் படிக்கிறார்கள்?

நீங்கள் பேசியதெல்லாம் தமிழில். முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஒரு மொழிபெயர்ப்பாளர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்வார். எனக்குக் கிடைத்த அச்சுப் பிரதிகளில் இருந்ததும் அந்த ஆங்கிலம்தான். அதிலிருந்து திருப்பித் தமிழாக்கினேன். நன்றாக வந்திருக்கிறது என்று ஒரு கர்வமும் இருந்தது, நேற்று வரைக்கும்.

சுல்தான் மாமாதான் முதல் பிரதி வாங்குகிறார். உங்களுக்கு ஆச்சரியமாக இருக்காது. ஒவ்வொரு தேர்தலிலும் எதிர்க்கட்சிக்கு வேலை பார்த்துவிட்டு, முடிவு வந்த மறுநாள் நம் வீட்டில் வந்து காபி குடித்த மனிதரைத் தவிர வேறு யாரைக் கூப்பிடுவேன்? தோல் வியாபாரத்தை மகன்களிடம் விட்டுவிட்டார். வாயை மட்டும் விடவில்லை. முன்கூட்டியே ஒரு பிரதி அனுப்பியிருந்தேன். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நேற்று வந்தார்.

"ஏம்மா, புஸ்தகம் ஜோரா இருக்கு. ஆனா இதுல பேசுறது யாரு?"

"அப்பாதான் மாமா."

"ஒங்கப்பனா? 'துணை உணவு ஏதுமின்றி வெறும் சோற்றை உட்கொள்ளும் குழந்தைகள்.' இப்பிடியா பேசுவான் அவன்? வெஞ்சனம் இல்லாம வெறுஞ்சோத்தத் திங்கிற புள்ளைகன்னு பேசுனான்மா. கண்ணாடி ரூம்புல இருந்தவரு வெஞ்சனம்னா என்னன்னு தெரியாமத் திணறிப்போனாராம். அதைய எத்தன தடவ சொல்லிச் சிரிச்சிருக்கான்! நீ எழுதியிருக்கறதப் பாத்தா டிவில நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு."

அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். மாமா காபியைக் குடித்துக்கொண்டே புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"வெங்காயம் ஒண்ணுதான் இருக்கு. இன்னொண்ணு எங்க?"

"எது மாமா?" என்றேன். எது என்று எனக்குத் தெரியும் அப்பா. தெரிந்தேதான் கேட்டேன்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். ஒரு வருடம் வெங்காய விலை நாடு முழுக்க எகிறியது. விலைவாசி விவாதத்தில் அப்பா எழுந்து, வெங்காயம் ஒரு மூட்டைகூடக் கப்பல் ஏறக்கூடாது, ஏற்றுமதியை நிறுத்துங்கள் என்று பேசினார். அவருடைய பேச்சுகளிலேயே அதிகம் கைதட்டல் வாங்கியது அது. கொஞ்ச நாளில் தடையும் வந்தது. வடக்கே எல்லோரும் தின்கிற பெரிய வெங்காயமான பல்லாரிக்கு மட்டும் வரவில்லை. எங்கள் குஜிலியம்பாறை, எரியோடு பக்கம் மானாவாரி நிலத்தில் விளைகிற சின்ன வெங்காயத்துக்கும் சேர்த்து வந்தது. சின்ன வெங்காயத்தை வாங்குவதே மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் இருக்கிற நம் ஆட்கள்தான். கப்பல் நின்றதும் மண்டியில் கேட்பாரில்லை. விலை வரட்டும் என்று காட்டிலேயே குவித்து ஓலை மூடிப் பட்டறை போட்டு வைத்திருந்தவர்களின் வெங்காயம் முளைத்தும் அழுகியும் போயிற்று. அடுத்த வருடம் அப்பா அதே அவையில் எழுந்து, போன வருடம் நான் பேசியது தவறு என்று சொன்னார்.

முதல் பேச்சு புத்தகத்தில் இருக்கிறது. இரண்டாவதை நான் எடுத்துவிட்டேன்.

யாரும் சொல்லி எடுக்கவில்லை. இளங்கோவுக்கு அப்படியொரு பேச்சு இருப்பதே தெரியாது. 'நான் தவறு செய்தேன்' என்று உங்கள் வாயிலிருந்து வந்த ஒரு வரியை யாராவது வெட்டி எடுத்து, கீழே சிரிப்புப் பொம்மை போட்டுச் சுற்றவிட்டால்? என் மாணவர்களே எனக்கு அனுப்புவார்கள். அப்படித்தான் பயம் தொடங்கியது. அதற்குப் பிறகு காரணம் தேடினேன். பொருளாதாரம் படித்தவளுக்குக் காரணமா கிடைக்காது? ஏற்றுமதித் தடை ஓட்டெடுப்பில் வருவதில்லை. டெல்லியில் ஓர் அலுவலகத்தில் கையெழுத்தாகி வருகிறது. நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்திருந்தாலும் வந்திருக்கும். ஆகவே தவறு உங்களுடையதே இல்லை. உங்களுடையது இல்லாத தவறுக்கு நீங்கள் கேட்ட மன்னிப்பு தேவையற்றது. தேவையற்றதைத் தொகுப்பாளர் நீக்கலாம். எவ்வளவு ஒழுங்காக இருக்கிறது பாருங்கள். தேர்வுத்தாளில் எழுதியிருந்தால் முழு மதிப்பெண் போட்டிருப்பேன்.

ஒருமுறை கோபத்தில் நீங்கள் சொன்ன ஒரு சொல்லை அவைத்தலைவர் குறிப்பிலிருந்து நீக்கச் சொன்னார். நினைவிருக்கிறதா? அச்சில் அந்த இடத்தில் நட்சத்திரக் குறிகள் வரிசையாக நின்றன. கீழே, தலைவர் ஆணைப்படி நீக்கப்பட்டது என்று ஒரு வரி. அதை எனக்குக் காட்டி, "பாத்தியா, எடுத்தாலும் எடுத்தேன்னு சொல்லித்தான் எடுக்க முடியும்" என்றீர்கள். நான் ஒரு நட்சத்திரம்கூட வைக்கவில்லை அப்பா. பக்க எண்களைச் சரிசெய்து, உள்ளடக்கத்தில் ஒரு வரியைத் தூக்கிவிட்டேன். அவ்வளவுதான்.

மாமாவிடம் இதில் பாதியைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை. அதுவே எனக்கு என்னவோ போல் இருந்தது.

"அன்னைக்கு நான் மேல பார்வையாளர் மாடத்துல உக்காந்திருந்தேன், தெரியுமா ஒனக்கு?" என்றார்.

எனக்குத் தெரியாது.

"தோல் வரிக்காக ஆளுக நாலு பேரு மந்திரியப் பாக்கப் போயிருந்தோம். ஒங்கப்பன்தான் பாஸ் வாங்கிக் குடுத்தான். மத்தியானச் சாப்பாடு முடிஞ்ச நேரம். கீழ தலைய எண்ணிப்புடலாம். இவன் எந்திரிச்சான். 'போன வருசம் இதே எடத்துல நின்னு நான் தப்பாப் பேசிட்டேன். பல்லாரிக்கும் சின்ன வெங்காயத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஆளா நான்? தெரியும். கைதட்டு வருதுன்னு ரெண்டையும் சேத்து வெங்காயம்னு சொல்லிட்டேன். எங்க ஊரு சம்சாரிக வெள்ளாமை பட்டறையோட அழுகிப்போச்சு. இதச் செஞ்சவங்க வரிசையில எம்பேரையும் எழுதிக்கங்க'ன்னான். எதிர்ல ஒருத்தன் சிரிச்சான். மந்திரி தலையத் தூக்கி ஒரு பார்வ பாத்துட்டு மறுபடி குனிஞ்சுக்கிட்டாரு."

மாமா உங்கள் குரலிலேயே சொன்னார். கையை நீங்கள் நீட்டுகிற மாதிரி நீட்டினார். நான் ஆங்கிலத்தில் படித்த அதே பேச்சுதான். ஆனால் 'கைதட்டு வருதுன்னு' என்கிற வார்த்தை ஆங்கிலத்தில் வேறு எதுவாகவோ ஆகியிருந்தது. நீங்கள் ஏமாறவில்லை, தெரிந்தேதான் பேசினீர்கள் என்பது எனக்கு நேற்றுத்தான் விளங்கியது.

அந்த வாரம் நீங்கள் என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டீர்கள். போன வருடம் பேசியதை மாற்றிப் பேசப்போகிறேன் என்றீர்கள். 'மறுபரிசீலனை செய்ய வேண்டும்' என்று சொல்லுங்கள், கௌரவமாக இருக்கும் என்றேன். "அது நழுவுற வார்த்தை தாயி" என்றீர்கள். அப்போது அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மாமா மேலே சொன்னார். "வெளிய வந்ததும் கேட்டேன். ஏன்யா, எவனும் ஒங்கிட்ட வெளக்கம் கேக்கல, பேசாம இருந்திருக்கலாம்லன்னு. 'இங்க சொல்றது லேசு சுல்தானு. கேக்குறதுக்கு ஆளு இல்ல. ஊருல போயி நின்னு சொல்றதுதான் கஷ்டம். அதுக்கு இங்க ஒத்திகை பாத்தேன்'னான்."

"ஊரில் சொன்னாரா மாமா?"

மாமா டம்ளரைக் கீழே வைத்தார்.

"சொல்லல. குஜிலியம்பாறையில கூட்டம் போட்டாக. நானும் ஓரமா நின்னு கேட்டேன், இன்னைக்குச் சொல்லிருவான்னு. தண்ணி, ரோடு, சமுதாயக் கூடம்னு பேசிட்டு எறங்கிட்டான். கட்சிக்காரங்க வேணாம்னு சொல்லியிருக்கலாம். இவனுக்கே நாக்கு எழும்பாம இருந்திருக்கலாம். அந்தத் தேர்தல்ல தோத்தான். அப்பறம் மேடையே இல்ல."

"நீங்கள் சொல்லியிருக்கலாமே மாமா?"

"நான் சொன்னா எதிர்க்கட்சிக்காரன் சொல்றதாப் போயிரும்மா. இத்தன வருசம் வாயப் பொத்திக்கிட்டு இருந்தேன். எங்க கட்சியில தெரிஞ்சா ஏன்டா மறைச்சேன்னு என் தோல உரிச்சு எங்கிட்டயே வித்திருப்பானுக." சிரித்தார், ஆனால் எழுந்துவிட்டார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "டெல்லிக்குத் தெரியும், குஜிலியம்பாறைக்குத் தெரியாது. ஒம்புஸ்தகத்துலயாவது இருக்கும்னு தேடுனேன். நாளான்னிக்கு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பா, நீங்களும் வெட்கப்பட்டீர்களா? அடித்தொண்டையில் பேசி அவையையே திரும்பிப் பார்க்கவைத்த நீங்கள், தெரிந்த முகங்களுக்கு முன்னால் நின்று தண்ணியும் ரோடும் பேசிவிட்டு இறங்கினீர்களா? என்னால் அதைக் கற்பனை செய்ய முடிகிறது. அதுதான் எனக்கு வலிக்கிறது. நீங்கள் சொல்லாமல் விட்டதைக் கொண்டு என் தவறைச் சின்னதாக்கிக்கொள்ளப் பார்க்கிறேனோ என்றும் தோன்றுகிறது.

இன்று காலையில் அந்தப் பேச்சை மறுபடி தமிழாக்கினேன். இந்த முறை மாமா சொன்ன மாதிரி, உங்கள் வாயில் வந்த மாதிரி. ஒரே தாளில் இரண்டு பக்கம் வந்தது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் நகல் எடுத்து வந்தேன். 'விடுபட்டது' என்று தலைப்பு வைக்கத்தான் கை போயிற்று. அச்சகங்களில் அப்படித்தான் போடுவார்கள். அது யாருடைய கையும் படாமல் தானாக விழுந்துவிட்டதைப் போலிருந்தது. அடித்துவிட்டு, 'தொகுப்பாளர் நீக்கியது' என்று போட்டுக் கீழே என் பெயரை எழுதினேன்.

அம்மாவும் நானும் கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு தாளைச் செருகினோம். அம்மா ஒன்றைப் படித்துப் பார்த்தாள். "இத எங்கிட்டகூடச் சொல்லல" என்றாள். "அந்த வருசம் வீட்டுல சின்ன வெங்காயமே வாங்க விட மாட்டாரு. சாம்பாருக்குப் பல்லாரி போடுன்னாரு. நான் வாயுக்கோளாறுன்னு நெனச்சேன்."

மத்தியானம் இளங்கோ வந்து தாளைப் பார்த்துவிட்டான். அவனுக்குக் கட்சியில் இந்த முறை ஏதோ வாய்ப்பு இருக்கிறது போல. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி.

"ஏக்கா, யாராவது கேட்டாகளா? எதுக்கு நீயாப் போயிச் சொறியிற? நாளைக்கு மேடையில இருக்கும்போதே கிளிப் போட்ருவானுங்க."

"அப்பா சொன்னதுதானேடா."

"அப்பா டெல்லியில சொன்னாரு. ஊருல சொன்னாரா? சொல்லக்கூடாதுன்னுதான விட்டாரு? அவரு வேணாம்னு வச்சத நீ எடுத்துச் சொல்றதுக்கு யாருக்கா நீ?"

தவறு யாருக்குச் சொந்தம் என்று நேற்றிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருப்பதும் இதையேதான். அதனால்தான் இந்தக் கடிதம் அந்தக் கேள்வியோடு தொடங்குகிறது. நீங்கள் வேண்டாம் என்று வைத்தீர்களா, முடியாமல் வைத்தீர்களா? இரண்டுக்கும் நடுவில் எனக்கு என்ன உரிமை இருக்கிறது? நீங்கள் உயிரோடு இருந்திருந்தால் பதிலை நீங்களே சொல்லியிருப்பீர்கள். கொஞ்சம் சத்தம் போட்டுவிட்டுச் சொல்லியிருப்பீர்கள்.

உரிமை தெரியவில்லை. ஆனால் குறிப்பில் ஏறிய ஒன்றை எடுக்கும் உரிமை எனக்கில்லை என்பது தெரிகிறது. அவ்வளவு தெரிந்தால் நாளைக்குப் போதும். இரண்டாவது வெங்காயப் பேச்சை மேடையில் நின்று நானே வாசிக்கிறேன் அப்பா. நடுவில் நிறுத்த மாட்டேன். நழுவுற வார்த்தை ஒன்றும் சேர்க்க மாட்டேன்.

நீங்கள் தாயி என்று கூப்பிட்ட,
உங்கள் மூத்த மகள்.

மறுநாள் நடந்தது:

மண்டபம் நிறைந்திருந்தது. குஜிலியம்பாறையிலிருந்தும் எரியோட்டிலிருந்தும் வேன் வைத்து ஆட்களைக் கொண்டுவந்திருந்தான் இளங்கோ. அது கூட்டம் காட்ட. எனக்கு அது வேறு மாதிரி உதவியது. சுல்தான் மாமா முதல் பிரதியை வாங்கிக்கொண்டு, தாள் இருக்கிறதா என்று உதறிப் பார்த்தார். எல்லோரும் பார்த்தார்கள்.

நான் வாசித்தேன். நடுவில் நிறுத்தவில்லை. 'நான் தப்பாப் பேசிட்டேன்' என்ற இடத்துக்கு வந்ததும் கைதட்டினார்கள். பின்னால் யாரோ, "இவருல்லய்யா தலைவரு!" என்று கத்த, மறுபடி கைதட்டல். இளங்கோவின் முகம் தெளிந்துவிட்டது. எனக்குக் கூசிற்று. இதற்காகவா வாசித்தேன்?

நடு வரிசையில் ஒரு அம்மா எழுந்தார். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். "இதுல கைதட்டுறதுக்கு என்ன இருக்கு?" என்றார். சத்தம் போடவில்லை. மைக்கும் இல்லை. ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

இளங்கோவின் ஆட்கள் இரண்டு பேர், "உக்காருங்கம்மா, அப்பறம் பேசலாம்" என்று ஓடினார்கள். "ஏலே, அந்தம்மாவ விடுங்கடா, பேசட்டும்" என்று மேடையிலிருந்து சுல்தான் மாமா அதட்டினார்.

"எங்க வீட்டுக்காரரு பட்டறையப் பிரிச்சு, நாறுனத வண்டி வண்டியா அள்ளி ஓடையில கொட்டுனாரு" என்றார் அந்த அம்மா. "அந்த எலெக்சனுக்கு ஒங்கப்பா எங்க தெருவுக்குள்ள வரல. எப்பவும் நடந்து வருவாரு. அந்தத் தடவ மெயின் ரோட்டுலயே கார்ல போயிட்டாரு. இந்தாளுக்குத் திமிரு வந்துருச்சுன்னு பேசிக்கிட்டோம். எங்க தெருவுல ஒரு ஓட்டு விழுகல அவருக்கு." என்னை ஒருமுறை பார்த்தார். "திமிரு இல்ல போலருக்கு."

யாரும் கைதட்டவில்லை.

நான் மேடையை விட்டு இறங்கி அவரிடம் போனேன். கையில் இருந்த புத்தகத்தை நீட்டினேன்.

"பொஸ்தகம் எனக்கு எதுக்கு? அந்தத் தாள மட்டும் குடு. வீட்டுல இருக்காரு, படிச்சுக் காட்டணும்" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றேன். "வேன்காரன் போயிருவான்" என்றார். வேன் சாயங்காலம்தான் கிளம்பியது. அவர் அதற்கு முன்பே பஸ் பிடித்துப் போயிருந்தார்.